ஸ்காட்ச் பிராத்: ஆட்டுக்கறியும் பார்லியும் சேரும் சூப், செய்முறை விளக்கம்

ஆட்டுக்கறி சூப்பில் தானியம் சேர்த்துச் சமைக்கும் புதியவர்கள் பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கில்தான் கோட்டை விடுகிறார்கள். கறி நன்றாக வெந்திருக்கும், உப்பும் சரியாக இருக்கும். ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால், சூப் இருந்த இடத்தில் களி இருக்கும். அடுப்பை அணைத்த பிறகும் தானியம் தண்ணீர் குடித்துக்கொண்டேதான் இருக்கிறது.

இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள ஸ்காட்லாந்து நாட்டின் ஸ்காட்ச் பிராத் நல்ல பாடம். அதில் மசாலா கிடையாது. ஆட்டின் கழுத்துக்கறி, பார்லி, காய்ந்த பட்டாணி, கேரட், கிழங்கு, கீரை, உப்பு, மிளகு, அவ்வளவுதான். காரத்தையும் கரம் மசாலாவையும் போட்டுத் தவறை மறைக்க முடியாது; எதை எப்போது போட்டோம் என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும். சூப்பைக் கற்றுக்கொண்டால் அதே பார்லியைக் கொண்டு கெட்டியான தம் கறியும் செய்துவிடலாம். அதையும் கீழே சொல்கிறேன்.

பார்லி அங்கே குளிரிலும் ஈரத்திலும் விளையும் தானியம். அதன் உமி மணியோடு ஒட்டியே இருக்கும். கோதுமையைப் போலப் போரடித்தால் உதிராது. அதனால் குழி வெட்டிய கல்லில் நனைத்த பார்லியைப் போட்டு மரச் சுத்தியலால் இடித்து உமியை நீக்கினார்கள், ஏறத்தாழ நம் உரல், உலக்கை வேலைதான். எடின்பரோவுக்குக் கிழக்கே உள்ள சால்டன் ஊரின் பிளெட்சர் குடும்பத்தார் 1710இல் ஜேம்ஸ் மெய்க்கில் என்ற தச்சரை ஹாலந்துக்கு அனுப்பி, பார்லி தீட்டும் ஆலையின் நுட்பத்தைக் கற்றுவரச் செய்தார்கள். கதிரடிக்கும் இயந்திரத்தால் பெயர் பெற்ற ஆண்ட்ரூ மெய்க்கில் இவருடைய மகன்தான். 1773இல் ஆங்கில அகராதிக்காரர் சாமுவேல் ஜான்சன் அபர்டீன் நகருக்குப் போனபோது, பார்லியும் பட்டாணியும் போட்ட இந்தச் சூப்பைத் தட்டுத் தட்டாக வாங்கிக் குடித்தார். ஸ்காட்லாந்தைக் கிண்டல் செய்வதில் பேர்போனவர் அவர். சூப்பிடம் அவருடைய கிண்டல் செல்லவில்லை.

வாங்க வேண்டியவை (6 பேருக்கு)

எலும்போடு கூடிய கழுத்துக்கறி 750 கிராம். செம்மறி ஆட்டுக்கறி கிடைத்தால் அதுவே அசல். நம் ஊர்க் கடையில் வெள்ளாட்டுக் கறிதான் இருக்கிறது என்றாலும் குறையில்லை, வேகும் நேரம் மட்டும் கூடும். கழுத்து கிடைக்காவிட்டால் நெஞ்செலும்பும் முன்னங்கால் கறியும் கலந்து கேளுங்கள். தொடைக்கறி வேண்டாம். விலையும் அதிகம், இந்த வேலைக்கும் ஆகாது. கழுத்திலும் முன்னங்காலிலும் சதையோடு பின்னிக்கிடக்கும் சவ்வுகளே மெல்ல உருகிச் சூப்புக்குக் கனம் கொடுக்கின்றன. கொழுப்பில்லாத தனிச்சதை இரண்டு மணி நேரம் கொதித்தால் சக்கைதான் மிஞ்சும்.

பார்லி அரிசி 75 கிராம், ஏறத்தாழ 6 மேசைக்கரண்டி. மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். நீர்க்கடுப்புக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பார்களே, அதே பார்லிதான். வெள்ளையாக, வழவழப்பாக, நடுவில் ஒரு பழுப்புக் கோட்டோடு இருந்தால் அது தீட்டிய பார்லி. ஊறவைக்காமலே 45 முதல் 60 நிமிடத்தில் வெந்துவிடும். பழுப்பாக, தவிடு போகாமல் இருந்தால் இரவே ஊறவைத்துவிடுங்கள்.

காய்ந்த பச்சைப் பட்டாணி 75 கிராம். பெரிய வெங்காயம் 1, கேரட் 2, லீக்ஸ் 1. ஸ்காட்லாந்தில் ஸ்வீட் (swede) என்ற மஞ்சள் கிழங்கைச் சேர்ப்பார்கள். நம்மிடம் டர்னிப் அல்லது நூல்கோல் 200 கிராம் போதும். உருளைக்கிழங்கு வேண்டாம், பார்லி இருக்கும்போது இன்னொரு மாவுப் பொருள் எதற்கு? லீக்ஸ் இலங்கை வாசகர்களுக்கு எளிதில் கிடைக்கும். மற்றவர்கள் ஒரு கட்டு வெங்காயத்தாளை வாங்கிக்கொள்ளலாம். அங்கே போடும் கேல் கீரைக்குப் பதில் முட்டைக்கோஸ் 100 கிராம். கடைசியில் தூவ பார்ஸ்லி. அதற்குப் பதில் கொத்தமல்லித் தழையைப் போட்டால் மணம் வேறு திசைக்குப் போய்விடும். பார்ஸ்லி இல்லையென்றால் சும்மா விட்டுவிடுவதே மேல். உப்பு, வெள்ளை மிளகுத்தூள்.

தண்ணீர் 2 லிட்டர். இந்த எண்ணை எப்படிப் பிடித்தோம் என்று பாருங்கள். பார்லி தன் அளவைப் போல மூன்று மடங்கு நீரை இழுக்கும். 75 கிராமுக்குக் கால் லிட்டர் போய்விடும். இரண்டு மணி நேரம் சிறு தீயில், மூடியைச் சற்று விலக்கி வைத்தால் ஆவியாக அரை லிட்டர் வரை போகும். பட்டாணியும் கொஞ்சம் குடிக்கும். மீதி ஏறத்தாழ ஒன்றே கால் லிட்டர் நிற்கும். காய்கறியும் கறியும் சேர்ந்தால் ஆறு கிண்ணம் தாராளமாக வரும். பார்லியை ஒரு பிடி கூடுதலாகப் போடலாமே என்று கை துறுதுறுக்கும். போடாதீர்கள். பாத்திரத்தில் பார்க்கும்போது குறைவாகத் தெரிவதுதான் சரியான அளவு.

முந்தைய இரவு

பட்டாணியை நிறைய தண்ணீரில் ஊறவையுங்கள். இதைத் தவிர இரவில் வேறு வேலை இல்லை.

படி 1: பச்சைத் தண்ணீரில் கறி

கறியை அலசிக் கனமான அடிப்பாகமுள்ள பாத்திரத்தில் போட்டு, 2 லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி நடுத்தரத் தீயில் வையுங்கள். சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம். நீர் மெதுவாகச் சூடேறினால்தான் கறியிலிருந்து வடியும் புரதம் நுரையாகத் திரண்டு மேலே வரும், எடுத்துவிடுவது எளிது. கொதி வரும் நேரத்தில் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். முதலில் சாம்பல் நிறத்தில் அழுக்கு நுரை வரும், பிறகு வெள்ளையாக மாறும். சாம்பல் நுரையை முழுக்கக் கரண்டியால் அள்ளி எறியுங்கள். வெள்ளை நுரைக்குக் கவலைப்பட வேண்டாம்.

படி 2: தீயை அடக்குதல்

நுரை அடங்கியதும் ஒரு தேக்கரண்டி உப்பும் ஊறிய பட்டாணியும் சேர்த்து, தீயை மிகவும் குறைத்துவிடுங்கள். விளிம்பில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் எழ வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் சதை இறுகும். கொழுப்பும் நீரோடு அடிபட்டுக் கலந்து சூப் கலங்கிப்போகும். மூடியைச் சற்று விலக்கி வைத்து 1 மணி நேரம். வெள்ளாட்டுக் கறி என்றால் ஒன்றரை மணி நேரம்.

படி 3: பார்லி போடும் நேரம்

கறியில் கத்தி நுனியைக் குத்திப் பாருங்கள். உள்ளே போக வேண்டும், ஆனால் எலும்பை விட்டுச் சதை கழன்றிருக்கக் கூடாது. அதுதான் பார்லிக்கு நேரம். முதலிலேயே போட்டால் கறி வேகும்முன் பார்லி கரைந்து அடியில் பிடிக்கும். கடைசியில் போட்டால் கறி நைந்து, பார்லி பல்லில் தட்டும்.

பார்லியை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவு போனால் சூப் கொழகொழக்காது. போட்ட பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறிவிடுங்கள். கூடவே பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் சேர்த்துவிடலாம்.

படி 4: காய்கறிகள்

பார்லி போட்டு 20 நிமிடம் ஆனதும் கேரட்டும் கிழங்கும். பார்லி உப்பியபின் என்ன அளவு இருக்குமோ அதைவிடச் சற்றுப் பெரிய துண்டுகளாக நறுக்குங்கள். ஒரே கரண்டியில் எல்லாம் ஏற வேண்டும். அதற்கு 15 நிமிடம் கழித்து லீக்ஸ், மேலும் 5 நிமிடம் கழித்து முட்டைக்கோஸ். தண்ணீர் குறைந்தால் பக்கத்து அடுப்பில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வேக்காடு நின்று மறுபடி தொடங்கும்.

படி 5: பதம் பார்த்தல்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பார்லியிடம் செல்லாது. அடியில் கிடப்பது முன்னே வெந்திருக்கும், மேலே மிதப்பது பின்தங்கியிருக்கும். மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடுங்கள். வெந்த மணி உருண்டு பருத்து, நடுக்கோடு அகன்று லேசாக வாய் பிளந்திருக்கும். விரல்களுக்கு இடையில் வைத்து நசுக்கினால் வழுக்கி, பிறகு நசுங்க வேண்டும். நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் இன்னும் பத்து நிமிடம். வாயில் போட்டால் லேசான மென்மையோடு ஒரு சிறு எதிர்ப்பும் இருக்கும். அந்த எதிர்ப்பு போய்விடக் கூடாது, பார்லி சூப்பின் சுகமே அதில்தான்.

படி 6: கறியைப் பிரித்துச் சேர்த்தல்

கறியை வெளியே எடுத்து, எலும்பிலிருந்து பிய்த்து, மீண்டும் சூப்பில் போடுங்கள். முன்பெல்லாம் சூப்பை முதலில் குடித்துவிட்டு, அதில் வெந்த கறியைத் தனித் தட்டில் இரண்டாவதாகச் சாப்பிடும் வழக்கமும் இருந்தது. ஒரு பாத்திரத்தில் இரண்டு வேளை உணவு! உப்புப் பார்த்து, வெள்ளை மிளகு தூவி, பார்ஸ்லி போட்டு இறக்குங்கள்.

சூடு ஆறும்முன் குடித்துவிட வேண்டும். ஆட்டுக் கொழுப்பு மற்ற கொழுப்புகளைவிடச் சீக்கிரம் உறையும். ஆறிய சூப் உதட்டிலும் மேலண்ணத்திலும் மெழுகாகப் படியும். ஆட்டுச் சூப் பிடிக்காது என்பவர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காதது இந்த மெழுகுதான் என்பது என் எண்ணம். கிண்ணங்களைச் சுடுதண்ணீரில் அலசிச் சூடாக்கி ஊற்றுங்கள்.

குக்கரில் செய்பவர்களுக்கு

கறியையும் பட்டாணியையும் மட்டும் குக்கரில் 4, 5 விசில் விட்டுக்கொள்ளுங்கள். பார்லியை மூடாத பாத்திரத்தில்தான் போட வேண்டும். பார்லி கொதிக்கும்போது நுரைத்துப் பொங்கி விசில் வழியை அடைத்துக்கொள்ளக்கூடும். இது விளையாட்டுக் காரியம் இல்லை.

அதே பார்லியோடு தம் கறி

இங்கே கணக்கு தலைகீழ். சூப்பில் தண்ணீர் மிஞ்ச வேண்டும், தம் கறியில் பார்லி எல்லாத் தண்ணீரையும் குடித்து முடிக்க வேண்டும்.

முன்னங்கால் கறி 800 கிராம், எலும்போடு பெரிய துண்டுகளாக. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் நான்கைந்து துண்டாகப் போட்டு எல்லாப் பக்கமும் நன்றாகச் சிவக்க வறுத்தெடுங்கள். மொத்தமாகப் போட்டால் நீர் விட்டுக்கொண்டு வேகுமே தவிரச் சிவக்காது. அதே பாத்திரத்தில் 2 வெங்காயம், 2 கேரட், 6 பல் பூண்டு வதக்கி, அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிவிட்டு, கறியைத் திரும்பப் போட்டு, 800 மில்லி சுடுதண்ணீர், உப்பு, ஒரு பிரிஞ்சி இலை, இரண்டு கொத்து தைம் அல்லது ரோஸ்மேரி. இறுக மூடி மிகச் சிறு தீயில் ஒன்றேகால் மணி நேரம். ஓவன் இருந்தால் 160 டிகிரி செல்சியஸ்.

பிறகு திறந்து பாருங்கள். அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே குழம்பு நிற்க வேண்டும். குறைந்திருந்தால் கொதிநீர் ஊற்றுங்கள். அலசிய பார்லி 150 கிராமைத் தூவி, மணிகள் எல்லாம் நீருக்குள் மூழ்கும்படி அமுக்கி, மூடி 50 நிமிடம். மாவு கரைத்து ஊற்றவோ முந்திரி அரைத்துவிடவோ தேவையில்லை. அடுப்பை அணைத்து 10 நிமிடம் மூடியே இருக்கட்டும். மேலே நிற்கும் மிச்ச நீரும் உள்ளே போய்விடும். ஒரு எலுமிச்சை மூடியைப் பிழிந்து பரிமாறுங்கள், கொழுப்பின் கனம் குறையும்.

பார்லிக்குப் பதில்

பார்லியில் குளூட்டன் உண்டு. அது ஒத்துக்கொள்ளாதவர்கள் முழுச் சோளத்தை எடுத்துக்கொள்ளலாம்: இரவு முழுக்க ஊறவைத்து, தனியாக முக்கால் பதம் வேகவைத்து, பிறகு சூப்பில் சேர்க்க வேண்டும். சாமை 15, 20 நிமிடத்தில் வெந்துவிடும். அதனால் லீக்ஸ் போடும்போதே போடலாம், ஆனால் மணிமணியாக நிற்காமல் கஞ்சிப் பதத்துக்குப் போகும். சம்பா கோதுமைக்கும் ஊறல் வேண்டும், குளூட்டனும் உண்டு. சுவையில் பார்லிக்கு மிக அருகில் வருவது அதுதான்.

மிச்சத்தை வைப்பது

சூப்பை அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் மேலே கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும். வேண்டிய அளவு விட்டு மீதியைப் பெயர்த்து எடுத்துவிடலாம். கீழே சூப் கெட்டியாகிக் கரண்டி நிற்கும். கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், இரவெல்லாம் பார்லி குடித்திருக்கிறது. ஒரு டம்ளர் கொதிநீர் ஊற்றி, அடிபிடிக்காமல் கிளறி, நன்றாகக் கொதிக்கவிடுங்கள். புதிதாக ஊற்றிய தண்ணீருக்கு உப்பு இல்லை என்பதையும் கவனத்தில் வையுங்கள். மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டியிருந்தால், பார்லி போடும் முன்பே பாதிச் சூப்பைத் தனியே எடுத்து ஃப்ரீசரில் உறையவையுங்கள். தேவைப்படும் நாளில் அதைச் சூடாக்கிக் கொதி வந்ததும் பார்லி போட்டால் போதும்.