இயன்மருத்துவக் கிளினிக்கில் முழுப் பயனைப் பெறுவது எப்படி? திருகோணமலை நோயாளருக்கும் வீட்டாருக்கும் ஒரு வழிகாட்டி

முழங்கால் தேய்மானம், உறைந்த தோள்மூட்டு, பாரிசவாதம், மாவுக்கட்டு வெட்டிய பின் மடங்க மறுக்கும் முழங்கை என்று எக்காரணத்தால் இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்கு அனுப்பப்பட்டாலும், அங்கே ஒருவருக்குக் கிடைப்பது வாரத்தில் ஒன்றிரண்டு தடவை, தடவைக்கு அரை மணித்தியாலம் அளவிலான கவனிப்புத்தான். மீதி நேரம் முழுவதையும் நோயாளி தன் வீட்டிலும் வேலைத்தலத்திலும் கழிக்கிறார். ஆகவே எதைச் செய்வது என்று கற்றுக்கொள்வதற்கும், செய்தது சரியா என்று காட்டுவதற்கும், அடுத்த படிக்குப் போகலாமா என்று கேட்டறிவதற்கும் உரிய இடமாகவே கிளினிக்கைக் கொள்ள வேண்டும். குணமாகும் வேலை பெரும்பாலும் வீட்டிலேயே நடக்கிறது.

இதைச் சொல்லக் காரணம், கிளினிக்கால் திரும்பியவரிடம் வீட்டார் முதலில் கேட்பது "கரண்ட் வைத்தார்களா?" என்பதாகவே இருக்கிறது. மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட், மெழுகு ஒத்தடம் போன்றவை நோவைச் சிறிது நேரம் தணித்து, அந்த இடைவெளியில் மூட்டை அசைக்கவும் தசையை வேலைவாங்கவும் வழிசெய்பவை. மெஷின் எதுவும் பிடிக்காமல் நான்கு பயிற்சிகளை மட்டும் கற்பித்து அனுப்பிய இயன்மருத்துவர் நோயாளியை ஏமாற்றிவிட்டார் என்று எண்ணுவது தவறு. பல வேளைகளில் அதுவே சரியான சிகிச்சை.

போவதற்கு முன்

அரச வைத்தியசாலைகளில் இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. வெளிநோயாளர் பிரிவிலோ, விசேட கிளினிக்கிலோ, விடுதியிலோ பார்த்த வைத்தியர் எழுதித் தரும் கடிதத்தோடு செல்வதே வழமை. நகரிலுள்ள மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் பயணம் இலகுவாகிவிட்டதென்பது உண்மையே ஆயினும், இடுப்பு நோவோடு பஸ்ஸில் வருபவருக்கு அது இன்னமும் ஒரு சோதனைதான். எனவே கடிதம் வாங்கும்போதே, தங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள தள வைத்தியசாலையில் இயன்மருத்துவப் பிரிவு எந்த நாட்களில் இயங்குகிறது என்று விசாரித்து, கூடுமானால் அங்கேயே தொடர்வது நல்லது. தொடர்ந்து போகக்கூடிய இடமே சிறந்த இடம்.

தனியார் நிலையத்தை நாடுபவர்கள் ஒரு தடவைக்குரிய கட்டணத்தையும், ஏறக்குறைய எத்தனை தடவை வர வேண்டியிருக்கும் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். சிகிச்சை தருபவர் இலங்கை மருத்துவச் சபையில் இயன்மருத்துவராகப் பதிவுபெற்றவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பதிவுள்ளவர் அதைச் சொல்லத் தயங்கமாட்டார்.

கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகள், தற்போது குடிக்கும் மருந்துகள் ஆகிய அனைத்தையும் ஒரே பையில் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். உடையும் முக்கியமானது. முழங்காலைக் காட்ட வேண்டியவர் தொடைவரை உயர்த்தக்கூடிய தளர்வான உடையும், தோளைக் காட்ட வேண்டியவர் முன்புறம் திறக்கும் சட்டையும் அணிந்து வந்தால் பரிசோதனைக்குரிய நேரம் வீணாகாது. பெண் இயன்மருத்துவர் வேண்டும், திரை வேண்டும், கூட ஒருவர் நிற்க வேண்டும் என்று விரும்பும் பெண்கள் அதைச் சிகிச்சை தொடங்குமுன்னரே "மிஸ்" என்று அழைத்துச் சொல்லிவிட வேண்டும். கூச்சத்தால் வாய் திறக்காமல் இருந்துவிட்டு அடுத்த தவணைக்கு வராமல் நின்றுவிடுபவர்கள் பலர்.

முதல் நாளில் சொல்ல வேண்டியவை

"உடம்பெல்லாம் நோ" என்று சொன்னால் எவராலும் உதவ முடியாது. எந்த அசைவில் நோ வருகிறது, எந்த வேலை நின்றுபோயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். "பஸ்ஸின் முதற்படியில் இடக்காலை ஊன்றி ஏற முடியவில்லை, தொழுகையில் இருந்து எழும்பக் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது, விடியற்காலையில் பத்து நிமிடம் மூட்டு விறைத்து நிற்கிறது" என்று மூன்று வரியில் சொல்பவருக்கு, இயன்மருத்துவர் அந்த மூன்றையும் குறியாக வைத்தே பயிற்சியை அமைக்க முடியும். கோணேசர் கோயில் ஏற்றத்தைத் திருவிழாவுக்குள் ஏற வேண்டும் என்பதும் நல்ல குறிதான். தொழிலையும் சொல்லுங்கள். கரைவலை இழுப்பவரின் தோளும், நாள் முழுவதும் ஓட்டோ ஓட்டுபவரின் இடுப்பும், தையல் மெஷினுக்கு முன் குனிந்திருப்பவரின் கழுத்தும் வெவ்வேறு விதமாகக் களைப்பவை.

கேட்காவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டியவை சில உள்ளன. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருத்தல், உடலில் பிளேட் அல்லது ஆணி இருத்தல், கர்ப்பம், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருத்தல், இரத்தம் உறையாதிருக்க மருந்து குடித்தல், நீரிழிவால் பாதம் மரத்துப்போயிருத்தல் ஆகியவை அவை. இவற்றுள் ஒன்று இருந்தாலும் சில மெஷின்களையும் சூட்டுச் சிகிச்சையையும் தவிர்க்கவோ மாற்றவோ வேண்டிவரும்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு உருவியிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படும் மாவட்டம் இது. எண்ணெய் என்றதும் முகம் சுளிக்கும் இயன்மருத்துவர் இங்கே நெடுநாள் வேலை செய்ய முடியாது. ஆனால் முழங்கை விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பு இல்லை. முழங்கையில் முறிவோ மூட்டு விலகலோ ஏற்பட்ட பின் அதை அழுத்தி உருவுவதும், மடங்காத கையைப் பலவந்தமாக மடக்குவதும் தசைக்குள்ளேயே எலும்பு வளரச் செய்துவிடலாம். அதன் பின் அந்தக் கை முன்பு மடங்கிய அளவுக்குக்கூட மடங்காமற் போகும். சிறுவர்களுக்கு இந்நிலை வந்தால் பெற்றோர் பொறுமையிழப்பது இயல்பே. என்றாலும் பிள்ளை தானாக மடக்கி நீட்டும் மெதுவான அசைவே இங்கே மருந்து.

அங்குள்ளவர்கள்

நோயை அறுதியிடுவது வைத்தியரின் வேலை. அசைவையும் பலத்தையும் சோதித்துப் பயிற்சித் திட்டத்தை வகுப்பது இயன்மருத்துவரின் வேலை. குளித்தல், உடுத்தல், கரண்டி பிடித்தல் போன்ற அன்றாடச் செயல்களை மீளப் பழக்குபவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். விழுங்குவதிலும் பேச்சிலும் சிக்கல் இருந்தால் பேச்சுச் சிகிச்சையாளர். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று இயன்மருத்துவரிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. கூட்டமான காலை வேளையில் ஒருவருக்கு ஒதுக்கக்கூடிய நேரம் குறைவு. ஆகையால் எழும்புமுன், இப்பயிற்சியை நாளுக்கு எத்தனை தடவை செய்வது, எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவது என்ற இரண்டையும் கேட்டு, கிளினிக் கொப்பியிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்று, நோயாளி பயிற்சி செய்வதைப் பிள்ளைகளின் போனில் ஒரு நிமிடம் பதிவுசெய்து வைத்தால் வீட்டில் தகராறு வராது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் அந்தப் பதிவில் தெரியாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

வீட்டில் செய்வது

முழங்கால் தேய்மானத்துக்கு அனேகமாக எல்லோருக்கும் கற்பிக்கப்படும் ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்வோம். கதிரையில் முதுகு சாய்த்து நிமிர்ந்து இருந்து, ஒரு காலை முழங்கால் நேராகும்வரை மெதுவாக நீட்டி, பாதத்தைத் தன் பக்கமாக இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விழவிடாமல் மெதுவாக இறக்க வேண்டும். பத்துத் தடவை செய்தபின் மற்றக் கால். நீட்டும்போது தொடையின் முன்தசை கல்லைப்போல் இறுகுகிறதா என்று உள்ளங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இறுகாவிட்டால் காலை வெறுமனே ஆட்டுகிறோம் என்றுதான் பொருள். மூச்சை அடக்கக் கூடாது. பிரஷர் உள்ளவர்கள் இதில் குறிப்பாகக் கவனமாயிருக்க வேண்டும். செய்யும்போது சற்று நோவதும், அந்நோ மறுநாளைக்குள் தணிவதும் ஏற்கத்தக்கவை. மறுநாளும் நோ கூடி நின்றாலோ மூட்டு வீங்கினாலோ எண்ணிக்கையைப் பாதியாக்கி, அடுத்த தவணையில் சொல்லுங்கள். முற்றாக நிறுத்திவிட வேண்டாம்.

நம் ஊர் வெயிலில் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை மங்கியபின்பும் பயிற்சி செய்வதே வசதி. கடற்கரை மணலில் நடந்தால் கால் பலப்படும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. நல்ல காலுடையவருக்கு அது பொருந்தும். கணுக்கால் சுளுக்கியவரும் முழங்கால் வீங்கியவரும் மணலில் கால் புதைந்து புரள நடப்பதைவிடச் சமதரையில் நடப்பது மேல். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தபின் மூட்டு இலேசாக இருப்பதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. வெதுவெதுப்பு தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும். அந்தத் தளர்வு நீங்குமுன் பயிற்சியைச் செய்துவிட்டால் குளிப்புக்கும் பயன் இருக்கும்.

சூட்டு ஒத்தடம் பதினைந்து முதல் இருபது நிமிடம் போதும். சுளுக்கிய முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சூடு வேண்டாம்; துவாயில் சுற்றிய ஐஸே ஏற்றது. சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவர்கள் வெந்நீர்ப் போத்தலைக் காலில் வைக்கவே கூடாது. சுடுவது தெரியாமல் தோல் வெந்து, அந்தப் புண் ஆறுவதற்குள் முழங்கால் நோவே மறந்துபோகும் அளவுக்கு நிலைமை முற்றிவிடும். வலித்தைலம் பூசிய இடத்தின் மேல் ஒத்தடம் கொடுப்பதும் தோலைப் புண்ணாக்கும்.

வீட்டின் அமைப்பைச் சற்று மாற்றுவது சில வேளை பயிற்சியளவுக்கு உதவும். நிலத்தில் குந்தித் தேங்காய் திருவுவதை விட்டுத் திருவலையை மேசையில் பொருத்தலாம், உயரமான கதிரையில் இருக்கலாம், குந்தும் மலசலகூடத்தில் கொமட் கதிரை வைக்கலாம். ஊன்றுகோலை நோவுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் அதன் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில்.

பாரிசவாத நோயாளியைப் பராமரிப்பவர்களுக்கு

இங்கே வீட்டாரின் கைதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. செயலிழந்த பக்கத்துத் தோளின் தசைகள் தளர்ந்திருப்பதால் கையின் பாரமே மூட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். அந்நிலையில் கையைப் பிடித்தோ, அக்குளுக்குள் கைகொடுத்தோ தூக்கினால் மூட்டு விலகி, மாதக்கணக்கில் நோ தங்கிவிடும். இடுப்பைச் சுற்றிப் பிடித்து, நோயாளியை முன்னே சாயச் செய்து எழுப்புவதே முறை. இதை இயன்மருத்துவரின் முன்னிலையில் ஒருமுறை நீங்களே செய்துகாட்டிப் பழகுங்கள். இருக்கும்போது அந்தக் கைக்கு மடியில் தலையணை வைக்க வேண்டும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையேனும் திருப்பி, குதிக்கால், இடுப்பு, வால் எலும்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உணவு கொடுப்பது நிமிர்த்தி இருத்திய பின்னரே. விழுங்கும்போது இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ ஊட்டுவதை நிறுத்தி வைத்தியசாலையில் அறிவியுங்கள்.

விட்டத்தில் கப்பி கட்டிக் கயிற்றால் கையை மேலே இழுத்துவிடுவது பல வீடுகளில் நல்லெண்ணத்தோடு நடக்கிறது. பலமிழந்த தோளுக்கு அது கேடு. ரப்பர் பந்தை அமுக்கக் கொடுப்பதையும் கேட்டறிந்தே செய்ய வேண்டும்; விரல்கள் ஏற்கெனவே மடங்கி இறுகியவருக்கு விரிக்கும் பயிற்சியே முதலில் தேவைப்படலாம். இன்னொன்று: அன்பினால் எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்துவிடக் கூடாது. அப்பா தன் சட்டைப் பொத்தானைப் பூட்டக் கால்மணி நேரம் எடுத்தால், எடுக்கட்டும்.

கிளினிக்குக்காகக் காத்திருக்கக் கூடாத வேளைகள்

முகம் ஒருபக்கம் கோணல், கை கால் திடீர்ப் பலவீனம், பேச்சுக் குழறல் ஆகிய பாரிசவாத அறிகுறிகளுள் ஒன்று கண்டாலும் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் நான்கரை மணித்தியாலத்துக்குள்ளேயே பயன்தரும். இடுப்பு நோவுடன் சலம் மலம் கட்டுப்பாடிழத்தல், தொடை இடுக்கில் மரத்தல், கால் வலுவிழத்தல் ஆகியவையும் அதே அவசரம். சத்திரசிகிச்சைக்குப் பின்னோ நெடுநாள் படுக்கைக்குப் பின்னோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் உருவக் கூடாது. உள்ளே கட்டிய இரத்தம் நுரையீரலுக்குப் போகும் ஆபத்து இருப்பதால் நேரே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

தவணைக்கு வர முடியாத நாளில் முன்கூட்டி அறிவித்து வேறு நாள் கேளுங்கள். கிளினிக் முடிந்தது என்று சொல்லப்படும் நாளில், எந்தப் பயிற்சியை எத்தனை மாதம் தொடர்வது, எந்நிலையில் மீண்டும் வருவது என்று எழுதி வாங்கி, கொப்பியை எக்ஸ்ரேயோடு பத்திரப்படுத்துங்கள். மறுபடி வரவேண்டி நேர்ந்தால் முதல் நாளில் அளந்த மூட்டு அசைவின் அளவுகள் அதில்தான் இருக்கும்.