கிரில் கதவும் ஒரு கைபேசியும் போதும்: சிறைப் படத்தில் அடைபட்ட உணர்வையும் நம்பிக்கையையும் காட்டுவது எப்படி?

கோலாலம்பூரில் சிறைக் காட்சி எடுக்கச் சிறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஃபிளாட்டில் குடியிருப்பவர் யாராக இருந்தாலும் வாசலில் ஓர் இரும்பு கிரில், சன்னலில் இன்னொன்று, சமையலறைப் பக்கம் சாமான் அடைத்து வைத்த ஒரு சின்ன அறை என்று இருக்கும். மூன்று நிமிடக் குறும்படத்துக்கு இது தாராளம். கைபேசியும் நடிக்க ஓர் ஆளும் ஒரு சனி ஞாயிறும் கிடைத்தால் முடித்துவிடலாம்.

கம்பிக்குப் பின்னால் ஒருத்தன் நிற்கிறான் என்று காட்டுவது சுலபம். பார்ப்பவருக்கும் மூச்சு முட்ட வைப்பது, அப்புறம் அவனுக்குள் ஏதோ ஒன்று துளிர்த்தது என்பதை வசனமே இல்லாமல் உணர்த்துவது, இரண்டும்தான் கஷ்டம். புதிதாகப் படம் எடுப்பவர்கள் நம்பிக்கையைக் காட்ட அவசரப்படுகிறார்கள். கம்பிக்கு வெளியே நீல வானம், பறக்கும் புறா, பின்னணியில் சோக வயலின் என்று முதல் நிமிடத்திலேயே எல்லாம் வந்துவிடும். அறையை ஒழுங்காக இறுக்காமல் இதையெல்லாம் வைத்தால் ஒன்றும் நடக்காது. சில விதிகளைப் போட்டு அறையை முதலில் இறுக்குங்கள். பிறகு அந்த விதிகளில் ஒன்றை மட்டும், ஒரே ஒரு தடவை உடையுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். எப்படிச் செய்வது என்பதுதான் மீதிப் பதிவு.

படி 1: சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு படம் பாருங்கள்

'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' (1994) எங்கேயும் கிடைக்கும், பாதிப் பேர் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். ஃபிராங்க் டாரபான்ட் இயக்கம், ரோஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவு. இரண்டு இடங்களை மட்டும் சத்தமில்லாமல் போட்டுப் பாருங்கள்.

முதலாவது, கதாநாயகன் ஆண்டி கைதியாகச் சிறைக்கு வரும் காட்சி. ஹெலிகாப்டரில் இருந்து எடுத்த ஷாட். கேமரா கல் கட்டடத்துக்கு மேலே பறந்து போகிறது, கீழே முற்றம் முழுக்கக் கைதிகள். அடுத்து ஆண்டி உள்ளே நடக்கும்போது அவன் கண்ணோட்டத்தில் கேமரா அண்ணாந்து பார்க்கிறது. கட்டடம் மேலே எழும்பி வானத்தைத் தின்றுவிடுகிறது. இரண்டாவது, அவன் தப்பித்து ஓடைக்குள் விழுந்து எழும் இடம். கொட்டும் மழை. சட்டையைக் கழற்றிக் கைகளை விரிக்கிறான். கேமரா மறுபடியும் மேலிருந்துதான் பார்க்கிறது.

இரண்டுமே மேலிருந்து எடுத்தவை. ஒன்று கழுத்தை நெரிக்கிறது, இன்னொன்று விடுதலை. 'மேலிருந்து எடுத்தால் பாத்திரம் பலவீனமாகத் தெரியும், கீழிருந்து எடுத்தால் பலசாலி' என்று யூடியூபில் சொல்லித்தருகிறார்களே, அந்தச் சூத்திரத்தை இங்கேயே மறந்துவிடுங்கள். கோணத்துக்கென்று தனியாக ஓர் அர்த்தம் கிடையாது. அதற்கு முன்னால் எதைக் காட்டினோம், எதை மறைத்தோம் என்பதைப் பொறுத்துத்தான் அர்த்தம் வருகிறது.

படி 2: கேமரா சுவரின் எந்தப் பக்கம்?

கோலாலம்பூரில் இருந்த புடு ஜெயில் ஞாபகம் இருக்கிறதா? 1895இல் கட்டி முடித்தார்கள், 1996இல் மூடினார்கள், 2010இல் சுவரை இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் ஒரு பேரங்காடி. பழைய நுழைவாயில் மட்டும் மிச்சம். அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தில் ஒரு கைதி வரைந்த மிக நீண்ட இயற்கைக் காட்சி ஓவியம் இருந்தது. பேருந்தில் போகிறவர்களுக்கு அது தெரியும். உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது.

உங்கள் படத்திலும் இதே முடிவை எடுத்தாக வேண்டும். கேமரா வெளியே நின்று கம்பி வழியாக உள்ளே பார்த்தால், பார்ப்பவர் பார்வையாளர் நேரத்தில் வந்த உறவுக்காரர். பாவம் பார்ப்பார், அப்புறம் வீட்டுக்குப் போய்விடுவார். கேமரா உள்ளே இருந்தால் அவரும் கைதி. தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் வெளியே இருந்துதான் எடுக்கிறார்கள், ஏனென்றால் கிரில் கதவு அங்கேயிருந்து பார்க்க அழகாக இருக்கிறது. நான் உள்ளேயே இருக்கச் சொல்வேன். ஒரே ஒரு ஷாட் வெளியே இருந்து வேண்டுமென்றால் அதைக் கடைசிக்கு எடுத்து வையுங்கள்.

படி 3: மூன்று விதிகளைத் தாளில் எழுதுங்கள்

எழுதாமல் விட்டால் படப்பிடிப்பு மும்முரத்தில் மறந்துவிடும். இந்தப் பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பவை: கேமரா அசையாது, வானம் தெரியாது, கதவு திறப்பது கண்ணில் படாது, காதில் மட்டும் விழும். உங்கள் கதைக்கு வேறு விதி பொருந்தினால் மாற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு நிறமே வராது, எந்த முகமும் முழுசாகத் தெரியாது என்றுகூட வைக்கலாம். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

கதையும் சின்னதாகவே இருக்கட்டும். ஒருவன் காலையில் எழுகிறான், போர்வையை மடிக்கிறான், தட்டு வருகிறது, சாப்பிடுகிறான், சுவரில் சாய்கிறான். இது மூன்று நாள் நடக்கிறது. மூன்றாம் நாள் மட்டும் ஏதோ ஒன்று மாறுகிறது.

செந்தூலில் ஒரு பையன் இந்தப் பயிற்சிக்குத் தன் வீட்டுச் சாமான் அறையைத் திறந்து காட்டினான். 'அண்ணே, அம்மா மைலோ டின் எல்லாம் இங்கதான் வெச்சிருக்காங்க, ஜெயில் மாதிரி இருக்காதுண்ணே' என்றான். டின்களை எடுத்துவிட்டு, அவை வைத்திருந்த இடத்தில் சுவரில் படிந்திருந்த வட்டக் கறைகளை அப்படியே விடச் சொன்னேன். காலியான அறையைவிட, எதையோ எடுத்துவிட்ட அறை அதிகமாக உறுத்தும்.

படி 4: வெளிச்சம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் நம் ஊர் வெயிலுக்கென்று ஒரு குணம் உண்டு.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் விறுவிறுவென்று மேலே ஏறிவிடும். சன்னல் கிரில்லின் நிழல் தரையிலும் சுவரிலும் நீளமாக விழ வேண்டுமென்றால், கிழக்குப் பார்த்த சன்னலில் காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரைதான் நேரம். அதற்குமேல் நிழல் சன்னலடியிலேயே சுருண்டுவிடும். மேற்குப் பார்த்த வீடு என்றால் மாலை ஐந்தரைக்கு மேல், ஆனால் அந்த நேரத்தில் மழை வந்து கெடுக்கும். அதனால் நிழல் ஷாட்டுகளை முதலில் எடுத்துவிடுங்கள்.

வெயில் வராத வீடா? இன்னொரு கைபேசியின் டார்ச்சைப் போட்டுக் கிரில்லுக்கு வெளியே ஒருவரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். டார்ச்சின் விளக்கு மிகச் சிறியது என்பதால் கம்பி நிழல் கூர்மையாக விழும். டார்ச்சைக் கிரில்லுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் நிழல் பெருத்து, ஒவ்வொரு கம்பியும் சுவரில் தூண் அளவுக்கு நிற்கும். ஆறேழு அடி பின்னால் போனால் நிழல் சிறுத்து நெருங்கும். அப்படி நகர்த்திக்கொண்டே முகத்தைப் பாருங்கள். ஒரு கம்பி நிழல் சரியாக ஒரு கண்ணை மறைத்து மற்றொரு கண்ணை விடும் இடம் வரும். அங்கேயே நிறுத்துங்கள்.

கைபேசி இருட்டைக் கண்டால் தானாகவே பிரகாசத்தைக் கூட்டிவிடும். சிறை அறை கல்யாண மண்டபம் போல ஆகிவிடும். திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷர், அதாவது வெளிச்ச அளவு, பூட்டிக்கொள்ளும். அப்புறம் விரலைக் கீழே இழுத்து இருட்டாக்குங்கள். முகத்தில் பாதி தெரியாமல் போனாலும் பரவாயில்லை.

விளக்கைப் போட்டு எடுத்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும், பார்த்திருப்பீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் பட்டை போய்விடும். கைபேசியோடு வரும் கேமரா செயலியில் இந்த வசதி இல்லையென்றால் அதற்கான இலவசச் செயலிகள் இருக்கின்றன.

படி 5: சட்டகம் (ஃபிரேம்)

இடம் சின்னது என்பதால் எல்லோரும் 0.5 லென்ஸுக்குப் போகிறார்கள். போகாதீர்கள். அகல லென்ஸ் அறையைப் பெரிதாக்கிக் காட்டும். எட்டுக்கு எட்டு அறை கூடம் மாதிரி ஆகிவிடும். 2 மடங்கு லென்ஸைப் போட்டு, அறையின் எதிர் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுங்கள். பின்சுவர் நடிகரின் தோள்மேல் வந்து உட்காரும். தலைக்கு மேலே இடம் விடாதீர்கள், நெற்றி கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் சரி. அவன் பார்க்கிற திசையிலும் இடம் விடாமல், மூக்குக்கு முன்னாலேயே சட்டகம் முடியட்டும். அறையின் முழு அளவு எங்கேயும் தெரியவே கூடாது.

ஷாஷாங்கை ஓஹாயோ மாநிலம் மேன்ஸ்ஃபீல்டில், மூடிப்போன ஒரு பழைய சிறையில் எடுத்தார்கள். ஆனால் படத்தில் வரும் அறைத்தொகுதி செட். நிஜச் சிறையில் அறைகள் வெளிச்சுவரைப் பார்த்து இருந்தன; படத்துக்கோ அறைகள் ஒன்றையொன்று பார்த்தபடி எதிரெதிரே இருக்க வேண்டியிருந்தது. எதிர் அறை தெரிந்தால்தானே ஒரு கைதி இன்னொருவனைக் கவனிக்க முடியும், அந்தப் படமே ஆண்டிக்கும் ரெட் என்ற கைதிக்கும் உள்ள நட்பில்தானே நிற்கிறது! உங்களுடையது தனி ஆள் படம். எதிரே எதுவும் தெரியக் கூடாது, வெறும் சுவர்.

படி 6: சத்தம்

வெளியுலகத்தைக் காட்டக் கூடாது என்று விதி போட்டுவிட்டோம். கேட்கக் கூடாது என்று போடவில்லை.

ராபர்ட் பிரெஸ்ஸோன் 1956இல் எடுத்த 'எ மேன் எஸ்கேப்ட்' படத்தை இதற்காகவே பார்க்கலாம். சிறையில் இருப்பவன் ஒரு கரண்டியைக் கொண்டு கதவுப் பலகைகளைச் சுரண்டுகிறான். கையும் கரண்டியும் மரமும் தெரிகின்றன. காவலரின் காலடியும் சாவிக்கொத்தும் தூரத்து ரயிலும் காதில் விழுகின்றன. சிறை முழுவதையும் அவர் காட்டுவதே இல்லை, நம் காதே கட்டிக்கொள்கிறது.

நம் ஃபிளாட்டில் காலையிலிருந்து இரவு வரை என்னென்ன கேட்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். சூராவில் (சிறு தொழுகைக்கூடம்) இருந்து பாங்கு, எல்ஆர்டி ரயில் வளைவில் திரும்பும் கீச்சொலி, பக்கத்து வீட்டு அம்மி சத்தம், பின்பக்கத் தகரத்தில் மழை, மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரின் ஹார்ன். இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். நான் ரொட்டிக்காரரைத்தான் எடுப்பேன். தினமும் வருவார், ஒரு இடத்திலும் அதிக நேரம் நிற்காமல் போவார், பசியோடு சம்பந்தம் உண்டு. முதல் நாள் ஹார்ன் மிகத் தூரத்தில் கேட்கட்டும், பார்ப்பவர் கவனிக்காவிட்டாலும் சரி. இரண்டாம் நாள் கைதி சாப்பிடுவதை நிறுத்திக் கேட்கிறான். மூன்றாம் நாள் அவன் முன்கூட்டியே காத்திருக்கிறான். நம்பிக்கை என்பது திரையில் இப்படித்தான் வரும்: ஒருத்தன் காத்திருக்க ஆரம்பிக்கிறான், அவ்வளவுதான்.

ஒலியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். அறையில் யாரும் பேசாமல் 30 விநாடி வெறும் அமைதியையும் பதிவு செய்து வையுங்கள், எடிட்டிங்கில் ஒட்டுப் போட உதவும். மின்விசிறியை அணைக்க மறக்காதீர்கள்.

இசை? ஷாஷாங்கில் ஆண்டி ஒலிபெருக்கியில் மோட்சார்ட் இசைத்தட்டைப் போட்டுவிடுவானே, முற்றத்தில் அத்தனை பேரும் அப்படியே அண்ணாந்து நிற்பார்களே, அது ஏன் அப்படி உலுக்குகிறது? அந்தப் பாட்டு கதைக்குள்ளேயே ஒலிக்கிறது, கைதிகள் காதிலும் விழுகிறது. இயக்குநர் நமக்காக மட்டும் போட்ட பின்னணி இசை அந்த வேலையைச் செய்யாது. உங்களுக்கு மூன்று நிமிடம்தான் இருக்கிறது, இசையே வேண்டாம். மோட்சார்ட் இயற்றியதற்கு இன்று உரிமை கேட்பார் இல்லை என்றாலும், இப்போதைய இசைக்குழு வாசித்த பதிவுக்கு உரிமை உண்டு. யூடியூபில் ஏற்றினால் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 7: உடைக்கும் ஷாட்

மூன்றாம் நாள் ஹார்ன் பக்கத்தில் வந்து கேட்கிறது. அவன் எழுகிறான். அப்போது மட்டும் கேமரா அவனோடு எழட்டும். இதுவரை ஆணி அடித்த மாதிரி இருந்த கேமரா ஒரு அடி மேலே போனாலே பார்ப்பவர் உடம்பில் அது தெரியும். மற்ற இரண்டு விதிகளைத் தொடாதீர்கள். வானம் இன்னும் தெரியக் கூடாது. சன்னல் வெளிச்சம் அவன் தாடையில் தொடங்கி நெற்றிவரை ஏறுவதை மட்டும் எடுங்கள். டிரைபாட் இல்லாவிட்டால் கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முழங்காலை மெதுவாக நிமிர்த்துங்கள், ஆட்டம் குறையும்.

வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை' படம் இதையே தலைகீழாகச் செய்யும். இரண்டாம் பாதியில் கம்பி இல்லை, முதல் பாதியில் போலீசிடம் அடிபட்ட தொழிலாளிகள் காவல் நிலையத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு இஷ்டத்துக்கு நடமாடுகிறார்கள். ஆனால் முதல் பாதியைவிட அங்கேதான் நமக்கு மூச்சு அதிகம் முட்டும். வெற்றிமாறன் இடத்தை அகலமாக்கி வழியை அடைக்கிறார். இது அடுத்த பயிற்சிக்கு.

படி 8: எடிட்டிங்

மூன்று நாளையும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் எடுத்திருப்பீர்கள். வரிசையும் அதே வரிசையாக இருக்கட்டும். ஷாஷாங்கில் ரெட் 20, 30, 40 ஆண்டு கழித்து மூன்று முறை பரோல் குழுவின் முன் வந்து உட்காருவான். காட்சி அமைப்பு கிட்டத்தட்ட அதேதான். அதனால்தான் மூன்றாம் தடவை அவன் பேச்சு மாறும்போது நமக்கு உறைக்கிறது. முதல் நாளுக்கு 70 விநாடி கொடுங்கள், இரண்டாம் நாளுக்கு 50. 'போர் அடிக்குதே' என்று நண்பர்கள் சொல்வார்கள். கொஞ்சம் போரடிக்கத்தான் வேண்டும், சிறையில் வேறு என்ன இருக்கிறது?

முடித்ததும் கதை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். திரையைப் பார்க்காதீர்கள், அவரைப் பாருங்கள். கேமரா எழும் இடத்தில் அவர் உட்கார்ந்த நிலை கொஞ்சம்கூட மாறவில்லையென்றால், அந்த ஷாட்டைக் கை வைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, இரண்டாம் நாளில் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் இன்னும் பத்து விநாடி சேருங்கள்.