மெட்டல் கியர் சர்வோ: வாங்குமுன் கணக்கு, வாங்கியதும் சோதனை

சர்வோ என்பது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார். பிளாஸ்டிக் கியர் போட்ட எஸ்ஜி90 என்ற மலிவு சர்வோவில் பல் உடைந்ததும், மெட்டல் கியர் வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் தீரும். பிளாஸ்டிக் பல் ஒரு ஃபியூஸ் மாதிரி. ரோபோவின் கை எதிலாவது சிக்கினால் பல் போகும், மோட்டார் பிழைத்துக்கொள்ளும். பித்தளைப் பல் லேசில் உடையாது. அதனால் மோட்டார் நின்றபடியே சூடேறி எரியும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் சின்ன போர்டு எரியும். சர்வோவுக்குப் போதிய பலமும் போதிய கரண்டும் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கியர் என்ன உலோகம் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

பலக் கணக்கு

தென்னாப்பிரிக்காவின் எஸ்காம் எக்ஸ்போ என்ற அறிவியல் கண்காட்சிக்குப் பள்ளிப் பிள்ளைகள் செய்கிற ரோபோ கையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோளிலிருந்து நுனி வரை 20 செ.மீ. நுனியில் தூக்கும் பொருள் 50 கிராம். கையும் அதில் ஏறியிருக்கும் மற்ற சர்வோக்களும் சேர்ந்து 80 கிராம். அந்த எடை சராசரியாக 10 செ.மீ தள்ளி இருக்கிறது. கை படுக்கையாக நீளும்போதுதான் பாரம் உச்சம். எடையைக் கிலோவிலும் தூரத்தைச் செ.மீ-யிலும் போட்டுப் பெருக்குங்கள்: 0.05 × 20 = 1, 0.08 × 10 = 0.8, ஆக 1.8 கி.கி-செ.மீ.

எம்ஜி90எஸ் என்ற சின்ன மெட்டல் கியர் சர்வோவின் டேட்டாஷீட்டில் (கம்பெனி தரும் விவரத்தாளில்) 4.8 வோல்ட்டுக்குப் போட்டிருப்பதும் அதே 1.8. சரியாகப் பொருந்துகிறதே என்று வாங்கினால் கை தொங்கிப்போகும். டேட்டாஷீட் சொல்வது ஸ்டால் டார்க். அதாவது மோட்டார் இதற்குமேல் முடியாது என்று நின்றுவிடுகிற இடம். அதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் தொடர்ந்து சுமத்தக் கூடாது. ஆகவே தோளுக்கு 1.8 × 3 = 5.4 வேண்டும். எம்ஜி996ஆர் என்ற பெரிய சர்வோ (4.8 வோல்ட்டில் 9.4, எடை 55 கிராம்) அங்கே தாராளம். முழங்கைக்குக் கீழே 10 செ.மீ நீளமும் 30 கிராம் எடையும் என்றால் கணக்கு 0.65, மும்மடங்கு 1.95. எம்ஜி90எஸ் 6 வோல்ட்டில் 2.2 தரும், மயிரிழையில் தப்பும். மணிக்கட்டுக்கும், பொருளைப் பிடிக்கும் விரல்களுக்கும் அது நல்ல தேர்வு.

பெரிதாகப் போட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. முழங்கையில் 55 கிராம் சர்வோவை ஏற்றினால் தோளின் பாரம் கூடும், பிறகு தோளுக்கும் பெரிதாக வாங்க வேண்டும். பலத்தை அடியில் வையுங்கள், நுனியை இலேசாக விடுங்கள்.

எதை வாங்குவது

ஒன்பது கிராம் வகை என்று கடையில் சொல்லும் அளவில் மெட்டல் கியர் போட்டால் எடை 12 முதல் 14 கிராம் வரும். எம்ஜி90எஸ் 13.4 கிராம். ஈமேக்ஸ் ஈஎஸ்08எம்ஏ ஏறக்குறைய அதே பலம். நகல்கள் குறைவு என்பதால் ஒரு பெட்டியில் வரும் நாலும் ஒரே மாதிரி நடக்க வாய்ப்பு அதிகம். காசு கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் ஹைடெக் எச்எஸ்-82எம்ஜி: 19 கிராம், 6 வோல்ட்டில் 3.4 கி.கி-செ.மீ. நடக்கிற நாலுகால் ரோபோவின் தொடைக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

எம்ஜி90எஸ்ஸில் உள்ள பெரிய தலைவலி நகல். ஸ்டிக்கர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. விளம்பரத்தில் 180 பாகையா, 360 பாகையா என்று கட்டாயம் பாருங்கள். 360 என்றால் அது நிற்காமல் சுற்றும் வகை. சொன்ன கோணத்தில் நிற்காது.

டர்பனில் இருப்பவர்களுக்கு வழி இரண்டு. ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் கூரியரில் இரண்டு மூன்று நாளில் அனுப்பும், பழுதென்றால் திருப்பவும் முடியும். சீனாவிலிருந்து நேரே வரவழைத்தால் விலை குறைவாகத் தெரியும். அதன்மேல் 15 சதவீத வாட் வரி, சுங்கம், கூரியர்க்காரரின் கட்டணம் எல்லாம் ஏறும், பழுதைத் திருப்பி அனுப்பும் செலவு சர்வோ விலையைத் தாண்டும். இரண்டு மூன்று சர்வோவுக்கு உள்ளூர்க் கடையே மேல். ஆறு தேவையென்றால் எட்டாக, ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த மாதம் அதே பெயரில் வருவது அதே சரக்காக இராது.

வந்ததும் சோதனை

முதலில் நகைத் தராசில் எடை போடுங்கள். 13 கிராமுக்கு 11 கிராம்தான் காட்டினால் உள்ளே எங்கேயோ உலோகம் குறைகிறது. அடியில் இருக்கும் நாலு ஸ்குருவைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கினால் கியர்கள் தெரியும். தூக்குமுன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், கியர் சிதறினால் வரிசை மறந்துபோகும். பித்தளை மஞ்சளாக இருக்கும். வெளுத்த அலுமினியக் கியர் பித்தளையோடு உரசும் இடத்தில் சீக்கிரம் தேயும். மோட்டாரை ஒட்டிய முதல் கியர் மட்டும் நைலானாக இருந்தால் பதற வேண்டாம், சத்தம் குறைய நல்ல கம்பெனிகளும் அப்படி வைப்பதுண்டு. கடைசி கியரோ அதற்கு முந்தையதோ நைலான் என்றால் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து ஆட்டம். சர்வோவை நடுக்கோணத்துக்குக் கொண்டுவரும் 1500 மைக்ரோவினாடி சிக்னல் கொடுத்து நிறுத்தி, ஹார்னில் (அச்சில் மாட்டும் சின்னக் கையில்) ஒரு ஐஸ்கிரீம் குச்சியை 10 செ.மீ நீட்டிக் கட்டுங்கள். குச்சி நுனியை விரலால் மெல்ல அசையுங்கள். அந்தத் தூரத்தில் 1 பாகை என்பது ஏறக்குறைய 1.75 மி.மீ. நுனி 3 மி.மீ-க்குமேல் லொடலொடவென்று ஆடினால் ரோபோ கைக்கு அது உதவாது. பிறகு 60 பாகையிலிருந்து 90-க்கும், 120-இலிருந்து 90-க்கும் கொண்டுவந்து, குச்சி நிற்கும் இடத்தைத் தாளில் பென்சிலால் குறியுங்கள். இரண்டு கோடும் 3 மி.மீ-க்குள் இருக்க வேண்டும். நிற்கும்போது குச்சி தானாக நடுங்கினால் உள்ளே கோணத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் மோசம், அல்லது உங்கள் பவர் சப்ளை மோசம். வேறு சப்ளையில் பார்த்தபின் சர்வோவைத் திட்டுங்கள்.

பலத்தைச் சமையலறைத் தராசிலேயே அளக்கலாம். சர்வோவை மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கி, அச்சிலிருந்து 1.5 செ.மீ தள்ளி ஹார்ன் தராசைக் கீழே அழுத்தும்படி வையுங்கள். 1.8 கி.கி-செ.மீ உண்மையென்றால் தராசு 1.2 கிலோ காட்ட வேண்டும். ஒரு விநாடிதான், உடனே விடுங்கள். அழுத்திக்கொண்டே இருந்தால் சோதனையே சர்வோவைக் கொன்றுவிடும். 900 கிராமைத் தாண்டாதது நகல்.

கடைசியாக, 50 கிராம் பாரம் கட்டி 45-க்கும் 135-க்கும் இடையே அரை மணி நேரம் ஆடவிடுங்கள். சர்வோவின் உடம்பில் விரலை வைத்தால், சூடு தாங்காமல் எடுக்க வேண்டி வரக் கூடாது. வீணாகப்போகிற சர்வோ பெரும்பாலும் இந்த அரை மணியிலேயே போய்விடும், எக்ஸ்போ மேடையில் போகாது.

கரண்ட்

பழுது என்று ஒதுக்கப்படுகிற சர்வோக்களில் பல நல்லவைதான். அவற்றுக்குப் போய்ச்சேரும் கரண்ட்தான் குறைவு. எம்ஜி90எஸ் ஒன்றைத் தடுத்து நிறுத்தினால் 700 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சர்வோவுக்குச் சிக்னல் தரும் கட்டுப்பாட்டு போர்டான ஆர்டுயினோ ஊனோவின் யூஎஸ்பி ஃபியூஸ் 500 மில்லி ஆம்பியர். இரண்டு சர்வோ ஒன்றாகக் கிளம்பினாலே வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். அப்போது எல்லா சர்வோவும் ஒருமுறை துள்ளும், அந்தத் துள்ளலில் கியருக்கு அடி.

சர்வோவுக்குத் தனி சப்ளை கொடுங்கள். ஆறு சின்ன சர்வோவுக்கு 5 வோல்ட் (மேலே சொன்ன முழங்கைக் கணக்குக்கு 6), 4 முதல் 5 ஆம்பியர். லோட்ஷெடிங் காலத்தில் வாங்கிய ரவுட்டர் யூபிஎஸ் வீட்டில் சும்மா கிடந்தால் அதன் 12 வோல்ட் வாயில் வோல்டேஜைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர் போட்டு இரண்டு மூன்று சர்வோவை மேசையில் ஓட்டிப் பார்க்கலாம், அதற்குமேல் தாங்காது. எல்எம்2596 என்ற பக் கன்வர்ட்டர் போர்டில் 3 ஆம்பியர் என்று இருக்கும், 2-க்குமேல் நம்பாதீர்கள். இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை நேரே கொடுக்காதீர்கள்: முழு சார்ஜில் அது 8.4 வோல்ட், சர்வோவின் எல்லை 6. சர்வோ வயர்கள் சேரும் இடத்தில் 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று. ஆர்டுயினோவின் கிரவுண்டும் சர்வோ சப்ளையின் கிரவுண்டும் கட்டாயம் சேர வேண்டும், இல்லையேல் சர்வோ பித்துப் பிடித்தாற்போல் ஆடும்.

பொருத்தும்போது

ஆர்டுயினோவின் சர்வோ லைப்ரரி கேட்காமலே 544 முதல் 2400 மைக்ரோவினாடி வரை அனுப்பும். பல சின்ன சர்வோக்கள் அதற்கு முன்பே உள்தடுப்பில் முட்டி உறுமும். 1500-இலிருந்து 20, 20 ஆகக் கூட்டி, உறுமத் தொடங்கும் இடத்திலிருந்து 50 பின்வாங்கி அதையே எல்லையாக நிரலில் எழுதுங்கள்.

ஹார்ன் மாட்டுவது நடுவில் நிறுத்திய பிறகுதான். கூட வரும் வெள்ளை ஹார்ன் நைலான். மெட்டல் பல்லில் அதுதான் முதலில் வழுக்கும். அலுமினிய ஹார்ன் வாங்கினால் பல் எண்ணிக்கை பொருந்த வேண்டும்: எம்ஜி996ஆருக்கு 25 பல், அது சின்னதில் ஏறாது. நடு ஸ்குருவுக்கு நீளமான வேறு ஸ்குரு போடாதீர்கள், உள்ளே போய் பொட்டென்ஷியோமீட்டரை அழுத்தும்.

நாளாக ஆக ஆட்டம் கூடினால் பல்லை மட்டும் பார்க்காதீர்கள். உலோகக் கியரின் ஊசி உட்காரும் பிளாஸ்டிக் ஓட்டை அகன்றிருக்கும். அதற்குக் கியர் செட் மாற்றிப் பயனில்லை. கடலோரக் காற்றில் ஸ்குருக்கள் துருப்பிடிக்கும், ஆகவே கழற்றி வைக்கும் சர்வோக்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போடுங்கள். உள்ளே வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு கடுகளவு போதும். டபிள்யூடி-40 அடித்தால் இருக்கிற கிரீஸும் கழுவிப் போகும். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரில் அச்சடித்த மவுண்டோடு ரோபோவைக் கோடை வெயிலில் பூட்டிய காரில் விட்டால் 60 பாகைச் சூட்டில் மவுண்ட் வளைந்துவிடும், பிறகு எந்த சர்வோவும் நேராக நிற்காது.