தாய்மாமன் சீராக ஒரு ரயில் சீட்டு: வாங்குவது எப்படி?

அக்கா மகளும் தம்பி மகனும் ஒரே வருஷத்தில் டிகிரி முடித்தார்கள். என்ன வாங்கிக் கொடுப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோது வாட்ச், மோதிரம், போன் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் ரயில் சீட்டு கொடுத்தேன். மதுரையில் ஏறி, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு சுற்று சுற்றி, மதுரையிலேயே வந்து இறங்குகிற சீட்டு. எங்கே தங்குவது, எத்தனை நாள் தங்குவது என்பதெல்லாம் பிள்ளைகள் முடிவு.

இதற்கு சர்க்குலர் ஜர்னி டிக்கெட் என்று பெயர். கிளம்புகிற ஸ்டேஷனும் முடிகிற ஸ்டேஷனும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் எட்டு ஊர்கள் வரை இறங்கிக்கொள்ளலாம். மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு ஒருவழிப் பயணமாகக் கணக்குப் போட்டு கட்டணம் வாங்குவார்கள். தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும் என்பதால், ஊர் ஊராகத் தனித்தனிச் சீட்டு எடுப்பதைவிட இது மலிவு. ஆன்லைனில் கிடைக்காது, நேரில்தான் போக வேண்டும்.

1. பாதையைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து போடுங்கள்

பரிசை ரகசியமாக வைத்துத் திடீரென்று கையில் கொடுக்க ஆசையாகத்தான் இருக்கும். இந்தப் பரிசுக்கு அது வேண்டாம். பாதையை அவர்களே போட வேண்டும், பாதிச் சந்தோஷம் அதில்தான் இருக்கிறது.

நாங்கள் கூடத்தில் ஒரு சார்ட் பேப்பரை விரித்தோம். அக்கா மகள் ஸ்கெட்ச் பேனாவால் கோடு இழுத்தாள்: மதுரை, விருதுநகர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை. அங்கிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாக மலையைத் தாண்டி கொல்லம். 1904இல் திறந்த பழைய பாதை அது. மீட்டர்கேஜாக இருந்து, 2018இல்தான் முழுவதும் அகலப்பாதையானது. குகைகளும் பதின்மூன்று கண் பாலமும் அந்த வழியில்தான். கொல்லத்திலிருந்து எர்ணாகுளம், திருச்சூர், பாலக்காடு. திரும்பி வர பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல். போகும்போது செங்கோட்டைக் கணவாய், வரும்போது பாலக்காட்டுக் கணவாய். மதுரைக்காரர்களுக்கு இதைவிட அழகான வட்டம் வேறு கிடையாது என்பேன்.

கொல்லத்திலிருந்து எர்ணாகுளத்துக்குக் கோட்டயம் வழியாகவும் போகலாம், ஆலப்புழை வழியாகவும் போகலாம். எந்த வழி என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும், சீட்டில் அந்த வழிதான் எழுதப்படும். எங்கள் வீட்டில் இதற்கே ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் காயலும் படகும் ஜெயித்தன, ஆலப்புழை முடிவானது. மூணாறும் வேண்டும் என்று தம்பி மகன் கேட்டான். அங்கே ரயில் போகாது, எர்ணாகுளத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். தென்காசி, கொல்லம், ஆலப்புழை, எர்ணாகுளம், திருச்சூர், பழனி என்று ஆறு நிறுத்தங்களோடு முடித்தோம்.

மாதத்தையும் யோசியுங்கள். ஆனி, ஆடியில் போனால் குற்றாலத்தில் சாரல் இருக்கும், ஆனால் கேரளத்தில் மழை பிடித்துக்கொள்ளும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன் கூட்டம்.

2. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள்

பயணிகள் பெயர், வயது, எந்த வகுப்பு, கிளம்பும் தேதி, போகும் வழி, இறங்கும் ஊர்கள். இவ்வளவுதான். பெயர் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கட்டும். இதைக் கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நமக்கு அது மதுரைக் கோட்டம். சில பெரிய ஸ்டேஷன்களில் நிலைய மேலாளரிடமே கொடுக்கலாம். அவர்கள் கட்டணத்தைக் கணக்கிட்டுத் தரும் தாளை டிக்கெட் கவுன்டரில் காட்டிப் பணம் கட்டினால் சீட்டு கைக்கு வந்துவிடும். எத்தனை நாள் செல்லும் என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

3. பெர்த்துக்குத் தனியாக ரிசர்வ் செய்யுங்கள்

சர்க்குலர் டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் படுக்கை கிடைத்துவிடாது. ரிசர்வேஷன் கவுன்டரில் அதைக் காட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இடம் பிடிக்க வேண்டும். 60 நாள் முன்பிலிருந்து எடுக்கலாம். மதுரை–தென்காசி மாதிரி தேதி உறுதியான கட்டங்களுக்கு முதலில் எடுத்துவிடுங்கள். மற்றதை அவர்கள் தங்கும் ஊரின் கவுன்டரிலேயே எடுத்துக்கொள்ளட்டும். இஷ்டப்படி ஒரு நாள் கூட்டிக் குறைக்க அந்த இடைவெளி வேண்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் எனக்கென்று எடுத்த சாதாரண ரிசர்வேஷன் டிக்கெட்டை அக்கா மகள் பெயருக்கு மாற்றலாம் என்று நினைத்துக் கவுன்டருக்குப் போனேன். முடியவில்லை. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள், கணவன், மனைவி ஆகியோருக்குத்தான் மாற்றித் தருவார்கள், அதுவும் ரயில் கிளம்ப 24 மணி நேரம் முன்பே கேட்க வேண்டும். அந்தப் பட்டியலில் தாய்மாமன் இல்லை. எந்த டிக்கெட் ஆனாலும் போகிறவர் பெயரிலேயே எடுங்கள்.

4. கொடுக்கும்போது

காகிதச் சீட்டு என்பதால் மொய்க் கவரில் வைக்கலாம். நான் ஓரத்தில் மஞ்சள் தடவி, கூடவே சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் பணம் வைத்தேன். அசல் சீட்டும் அடையாள அட்டையும் எப்போதும் கையில் இருக்க வேண்டும், போனில் இருக்கும் போட்டோ செல்லாது. இறங்கும் ஊரில் ஸ்டேஷனை விட்டு வெளியே போகுமுன் சீட்டைக் காட்டிக் குறித்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பயணம் முடிந்து மதுரை ஜங்ஷனில் இறங்கும்போது கேட்டால் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். நினைவுக்கு வேண்டுமென்றால் திண்டுக்கல் தாண்டியதும் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் பிள்ளைகள் எடுத்த படத்தில் ஒரு ஓரத்தில் மஞ்சள் இருக்கிறது, இன்னொரு ஓரத்தில் பழனி பஞ்சாமிர்தம் ஒட்டியிருக்கிறது.