புது பிராடக்ட் ஓனர்கள் விழும் பழைய பள்ளங்கள்

புதிதாக பிராடக்ட் ஓனர் (மென்பொருள் குழு எதை முதலில் செய்ய வேண்டும் என்று முடிவு செய்பவர்) ஆனவர்களோடு உட்கார்ந்து, அவர்களின் பேக்லாக்கை, அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலைப் பார்த்துக் கொடுப்பதும் இப்போது என் வேலைகளில் ஒன்று. ஆரம்பத்தில் நான் விழுந்த அதே பள்ளங்களில் அவர்களும் விழுகிறார்கள். டெய்லி ஸ்கிரம் என்ற தினசரிக் குழுக் கூட்டத்துக்குத் தாமதமாக வருவது, வேலைகளைப் பதியும் ஜிராவில் ஸ்டேட்டஸ் மாற்ற மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே சரியாகிவிடும்.

எல்லாமே 'ஹை'

எல்லா வேலைக்கும் 'ஹை' (அதிக முன்னுரிமை) என்று முத்திரை குத்தினால் வரிசைப்படுத்தியதாக ஆகாது. முதலாவது எது, அடுத்தது எது என்று சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு வேலை நிற்க முடியாது.

கேட்டதை அப்படியே எழுதிக் கொடுப்பது

நாங்கள் செய்துகொண்டிருந்தது சிறு வணிகர்களுக்கான பில்லிங் மென்பொருள். விற்பனைக் குழுவிலிருந்து ஒருவர் வந்து, "எக்செல் டவுன்லோட் இல்லைன்னா கஸ்டமர் ரினியூ பண்ண மாட்டாராம்" என்றார். புது பிராடக்ட் ஓனர் அன்று மாலையே ஸ்டோரி (யாருக்கு, என்ன, எதற்காக வேண்டும் என்று சொல்லும் சிறு குறிப்பு) எழுதிவிட்டார். பயனர் யார், என்ன வேண்டும் என்பதெல்லாம் சுத்தமாக இருந்தது. எதற்காக என்ற இடத்தில் மட்டும் 'ரிப்போர்ட்டுக்காக' என்று ஒப்புக்கு ஒரு சொல்.

ஸ்பிரின்ட் (குழு வேலை செய்யும் குறுகிய காலச் சுற்று) முடிவில் வசதி தயார். அப்புறம் ஆரம்பித்தது: ஷீட்டின் காலம்களை (நெடுவரிசைகளை) மாற்ற முடியணும், தேதிவாரி ஃபில்டர் வேணும், வரி விகிதத்துக்கு ஒரு ஷீட் வேணும். ஒவ்வொன்றும் ஒரு ஸ்டோரி ஆனது. கடைசியில் கஸ்டமரின் கணக்காளரிடமே போன் போட்டுக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. விற்பனை விவரங்களைச் சொல்லும் ஜிஎஸ்டி படிவமான மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1ஐ அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்காக எங்கள் ஷீட்டிலிருந்து அரசின் ஆஃப்லைன் கருவிக்கான படிவத்தில் அவர் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். ஜிஎஸ்டி எண் உள்ளவர்களின் பில்கள் தனித்தனியாக, சில்லறை விற்பனை தொகுப்பாக, எச்எஸ்என் (பொருள் வகைக் குறியீடு) வாரியான சுருக்கம் வேறு. ஜிஎஸ்டி போர்ட்டல் ஏற்கும் ஜேசான் வடிவக் கோப்பை எங்கள் மென்பொருளே தந்திருந்தால் அந்த எக்செல்லுக்கு வேலையே இருந்திருக்காது.

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. டெவலப்பர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்ததைச் சரியாகவே செய்தார்கள். வெலாசிட்டியும் (ஒரு ஸ்பிரின்ட்டில் குழு முடிக்கும் வேலையின் அளவு) அழகாக ஏறியது. பிழை இருந்தால் யாராவது புகார் டிக்கெட் போடுவார்கள். தேவையில்லாத வசதிக்கு யார் டிக்கெட் போடுவார்? ஒவ்வொரு ரிலீஸிலும் அதையும் சேர்த்து டெஸ்ட் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

'எதுக்கு இது?' என்று மொட்டையாகக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். "இந்த ஷீட்டைத் திறந்ததும் முதல்ல என்ன செய்வீங்க? அதுக்கப்புறம் இது யார்கிட்ட போகும்?" என்று கேளுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பாருங்கள். விற்பனைக் குழு வழியாக வரும் கோரிக்கை என்றால், அதைப் பயன்படுத்தப் போகிறவரின் போன் நம்பரையும் சேர்த்து வாங்குங்கள். தயங்கத்தான் செய்வார்கள் (கஸ்டமரை நாம் கெடுத்துவிடுவோம் என்று ஒரு பயம்). விடாதீர்கள்.

ஓடும் ஸ்பிரின்ட்டில் வேலையைத் திணிப்பது

ஸ்கிரம் என்ற வேலைமுறையின் கையேட்டின்படி ஸ்பிரின்ட்டை ரத்து செய்யும் அதிகாரம் பிராடக்ட் ஓனருக்கு மட்டுமே உண்டு, அதுவும் ஸ்பிரின்ட்டின் இலக்கே காலாவதியாகிவிட்டால். புதன்கிழமை மதியம் "இதையும் சேர்த்துடுங்க" என்று போய் நிற்பது அந்த அதிகாரத்தில் சேராது. இலக்கு கெடாதவரை டெவலப்பர்களோடு பேசி வேலையின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். ஒன்று உள்ளே வந்தால் எது வெளியே போகும் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

முடிவைக் கமிட்டியிடம் விடுவது

பிராடக்ட் ஓனர் என்பவர் ஒரே ஆள், கமிட்டி அல்ல என்று ஸ்கிரம் கையேட்டின் 2020 பதிப்பிலும் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரிடமும் கேளுங்கள், வரிசையை நீங்கள் போடுங்கள்.

ரிவ்யூவில் ஸ்லைடு ஓட்டுவது

ஸ்பிரின்ட் முடிவில் செய்ததைக் காட்டும் கூட்டம்தான் ரிவ்யூ. ஸ்லைடை மூடிவிட்டு, வந்திருக்கும் பயனரின் கையில் மவுஸைக் கொடுங்கள்.