ரெண்டு குழந்தைகள், ஒரு மின்சார ரயில், ஆயிரம் ரூபாய்: காஞ்சிபுரம் போய் வருவது எப்படி?

காஞ்சிபுரத்துக்கு இதுவரை மூன்று தடவை கிளம்பியிருக்கிறோம். முதல் தடவை ஒரு கோயிலுக்குள்ளும் கால் வைக்காமல் திரும்பினோம். இரண்டாவது தடவை பாதிதான் பார்த்தோம். மூன்றாவது தடவை எல்லாம் சரியாக அமைந்தது. அதை எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன். முதல் தடவை எங்கே சறுக்கினோம் என்பதும் நடுவில் வரும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் சறுக்கப்போவது அங்கேதான்.

நாங்கள் இருப்பது சைதாப்பேட்டை. பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நாலு. கார் கிடையாது. வாடகைக் கார் விலை கேட்டதும் என் வீட்டுக்காரர் பேச்சை மாற்றிவிட்டார். அதனால் ரயில்.

படி 1: நாள் பார்ப்பது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போங்கள். மார்ச் பாதிக்கு மேல் கோயில் பிராகாரத்துக் கல் பதினோரு மணிக்கே தோசைக்கல் ஆகிவிடும். காலண்டரில் முகூர்த்த நாளா என்றும் பாருங்கள். முகூர்த்தத்தன்று பட்டுப்புடவை வாங்க வந்த கூட்டமும் கல்யாணக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், ஆட்டோ கிடைக்காது. வைகாசியில் வரதராஜர் கருட சேவை பார்க்கப் பெரியவர்கள் தாராளமாகப் போகலாம், கைக்குழந்தையோடு வேண்டாம்.

படி 2: ரயில்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வழியாக நேராகக் காஞ்சிபுரத்துக்கே மின்சார ரயில் இருக்கிறது. இது சென்னைக்காரர்களிலேயே நிறைய பேருக்குத் தெரியாது. ஆனால் செங்கல்பட்டுக்குப் போகிற மாதிரி அடிக்கடி வராது, ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். முந்தின நாள் இரவே நேரத்தைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போகிற வண்டியைவிடத் திரும்புகிற வண்டியின் நேரம் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை நேரம் மாறும், அதற்கான அட்டவணையைத் தனியாகப் பாருங்கள்.

காலை ஒன்பது மணிக்குள் காஞ்சிபுரத்தில் இறங்குகிற வண்டியாகப் பிடியுங்கள். அதற்கு ஆறு மணி வாக்கில் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு போனாலும் பரவாயில்லை, ரயிலில் தூங்கட்டும்.

படி 3: டிக்கெட்

ஒரு வழிக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்கும் கீழேதான். ஐந்து வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் அரை டிக்கெட். செல்போன் செயலியில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: காகிதமில்லாத டிக்கெட் ஒரு வகை, அச்செடுத்துக்கொண்டு போக வேண்டிய டிக்கெட் இன்னொரு வகை. இரண்டாவதை எடுத்துவிட்டு அச்செடுக்காமல் ஏறினால் செல்லாது. வண்டி ஏறிய பிறகு எடுக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். எனக்கென்னவோ வெளியூர் போகும்போது கவுன்டரில் வரிசையில் நின்று வாங்கும் சீட்டுதான் நிம்மதி. பேட்டரி தீர்ந்தாலும் அது கையில் இருக்கும்.

படி 4: பாத்ரூம் (இதைத் தாண்டிவிடாதீர்கள்)

மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. காலேஜுக்குப் போன காலத்திலிருந்து ஏறி இறங்குகிறேன், இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் சைதாப்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும் நாலு வயதுப் பிள்ளையையும் சேர்த்து நான் யோசித்ததே இல்லை.

முதல் தடவை சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டில் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே வந்தாள். வெயில் காலமாயிற்றே, குடிக்கட்டும் என்று நானே மூடியைத் திறந்து கொடுத்தேன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் என் காதோரம் வந்து, "அம்மா, அவசரம்" என்றாள். கொளவாய் ஏரியைக் காட்டினேன், கொக்கு எண்ணச் சொன்னேன். மூன்று கொக்குக்கு மேல் தாங்கவில்லை. செங்கல்பட்டில் இறங்கி ஓடினோம். திரும்பி வந்தபோது வண்டி போய்விட்டது, அடுத்த காஞ்சிபுரம் வண்டிக்கு நெடுநேரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு போய்ப் பஸ் பிடித்தோம். வாலாஜாபாத் வழியாக ஊர் போய்ச் சேர்ந்து கைலாசநாதர் கோயில் வாசலில் நின்றபோது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். இனி சாயங்காலம்தான். பெரியவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மூன்றாவது தடவை இப்படிச் செய்தோம். வீட்டில் ஒருமுறை போக வைத்தோம். நேராகக் காஞ்சிபுரம் வண்டியில் ஏறாமல், முன்னால் வந்த செங்கல்பட்டு வண்டியில் ஏறினோம். செங்கல்பட்டில் இறங்கி நிதானமாகப் பாத்ரூம் போய், கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, பின்னால் வந்த காஞ்சிபுரம் வண்டியைப் பிடித்தோம். டிக்கெட்டைச் செங்கல்பட்டு வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று தனித்தனியாக எடுத்தோம். கொஞ்சம் காசு கூட ஆகலாம், தகராறு இல்லை. தண்ணீரைப் பாட்டிலோடு கொடுக்காமல் மூடியில் ஊற்றிக் கொடுத்தோம். மாற்று உடுப்பு ஒரு ஜோடி பையின் மேலேயே இருக்கட்டும், அடியில் வைத்தால் புளிசாதத்துக்குக் கீழே மாட்டிக்கொள்ளும்.

படி 5: இறங்கியதும்

முதலில் 'காஞ்சிபுரம் கிழக்கு' வரும். அவசரப்பட்டு இறங்க வேண்டாம், நம்முடையது அடுத்தது.

வெளியே வந்து ஆட்டோ பேசும்போதே "புடவைக் கடை வேண்டாம் அண்ணா" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஒரு கடை வாசலில் வண்டி நிற்கும். ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தால் ஆயிரம் ரூபாய்க் கணக்கு அங்கேயே முடிந்தது.

முதலில் கைலாசநாதர். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய மணற்கல் கோயில். வரலாற்றுப் பாடம் எடுக்காதீர்கள், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். மதிலை ஒட்டி 58 குட்டிக் கோயில்கள் இருக்கின்றன, எண்ணச் சொல்லுங்கள். என் மகன் இரண்டு தடவை எண்ணி இரண்டு விடை சொன்னான். தூண்களில் யாளிகள் வரிசையாக நிற்கும். மூலவரைச் சுற்றி வரக் குறுகலான ஒரு பாதை உண்டு, தவழ்ந்துதான் நுழைய வேண்டும், தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும். பிள்ளைகள் பூனை மாதிரி போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் தோளை ஒரு பக்கம் சாய்த்து, மூச்சை இழுத்துப் பிடித்து, ஒருவழியாக வந்தார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் அதே விளையாட்டுதான்.

அடுத்தது ஏகாம்பரநாதர். ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பதினொன்றரைக்குள் முடித்துவிடுங்கள்.

படி 6: மதியம்

பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குக் கோயில்களைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இரண்டாவது தடவை இந்த நேரத்தை மரத்தடியில் சண்டை போட்டே கழித்தோம். இந்தத் தடவை புளிசாதம் சாப்பிட்டுவிட்டு, பிள்ளையார்பாளையத்தில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் தறி பார்த்தோம். அங்கே தெருவுக்குத் தெரு நெசவு வீடுகள்தான். மரியாதையாகக் கேட்டால் வாசலிலிருந்து பார்க்கவிடுவார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று வரும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும், மூன்று நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை) ஓடும். கரை நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்த அக்கா சின்னவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒருமுறை அவள் கையால் தள்ளவிட்டார். அன்றைக்கு அவளுக்குக் கோயிலெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

படி 7: வரதராஜர், இட்லி, திரும்புதல்

நாலு மணிக்குச் சின்ன காஞ்சிபுரம் வரதராஜ பெருமாள் கோயில். நூற்றுக்கால் மண்டபத்து மூலையில் தொங்கும் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலியை முதலில் காட்டுங்கள். பிறகு கூரையில் இருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வாருங்கள். குழந்தையைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

காஞ்சிபுரம் இட்லியைக் கோயில் பிரசாதமாக வாங்குங்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து வேகவைப்பது. மிளகும் சுக்கும் தூக்கலாக இருக்கும், பிள்ளைகளுக்குக் காரம் என்பார்கள். தயிர் ஒரு சின்ன டப்பா கொண்டுபோனால் தொட்டுக் கொடுக்கலாம்.

ரயிலேறும் முன் மறுபடி பாத்ரூம்.

செலவில் பெரிய தொகை ஆட்டோதான். சாப்பாடு வீட்டிலிருந்து, ரயில் மலிவு, மொத்தம் ஆயிரத்தைத் தொடவில்லை. வெள்ளைப் பலகை நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அதில் போனால் இன்னும் குறையும். நேரம் கூட ஆகும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர் வெறுங்காலில் குழந்தை சுட்டுக்கொண்டதாக எழுதியிருந்தார். சரிதான், நான் விட்டுவிட்டேன். பழைய தடிமனான காலுறை ஒரு ஜோடி எடுத்துப் போங்கள்.

காஞ்சிபுரம் வேண்டாம், வேறு இடம் சொல்லுங்கள் என்று கேட்டவர்களுக்கு: வண்டலூர் உயிரியல் பூங்காவும் முட்டுக்காடு தட்சிணசித்ராவும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வடநெம்மேலி முதலைப் பண்ணை திங்களன்று விடுமுறை. வேடந்தாங்கலுக்கு நவம்பருக்கு முன்னால் போனால் மரங்களை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். மாமல்லபுரத்தில் தொல்லியல் துறைக் கட்டணம் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இல்லை. ஆனால் அங்கே போக நான் இன்னும் சரியான பாத்ரூம் திட்டம் போடவில்லை, போட்டதும் எழுதுகிறேன்.