'ரேங்க்' என்றால் பதவி மட்டுமா?

மதிப்பெண் வரிசையும் ராணுவப் பதவியும் நமக்குத் தெரிந்த பொருள்கள். ஆங்கிலச் செய்தி படிக்கும்போது அதற்கு அப்பால்தான் தடுமாற்றம்.

'ரேங்க் அண்ட் ஃபைல்' என்றால் அதிகாரிகள் அல்ல, அதற்கு நேர்மாறு: சாதாரணச் சிப்பாய்கள், கட்சியின் அடிமட்டத் தொண்டர்கள். அணிவகுப்பில் பக்கவாட்டு வரிசை ரேங்க், முன்பின் வரிசை ஃபைல். சதுரங்கப் பலகையிலும் அப்படியே. கிடைவரிசைகள் 8 ரேங்க், வெள்ளைச் சிப்பாய்கள் நிற்பது 2-ஆவது ரேங்க்.

'புல் ரேங்க்': பதவியைக் காட்டிக் காரியம் சாதிப்பது. 'பிரேக் ரேங்க்ஸ்': சொந்த அணியை எதிர்த்து வெளிப்படையாகப் பேசுவது. 'க்ளோஸ் ரேங்க்ஸ்': வெளியாள் தாக்கும்போது ஒன்றுகூடிக் காப்பது. பின்னிரண்டையும் 'ஸ்' சேர்த்து எழுதுவதே பெருவழக்கு. பிரிட்டனில் 'டாக்ஸி ரேங்க்' என்பது நம் டாக்ஸி ஸ்டாண்டு.

பெயரடையாக வரும்போதுதான் ஆபத்து அதிகம். 'ரேங்க் ஸ்மெல்' உயர்தர வாசனை அல்ல, குமட்டும் நாற்றம்! 'ரேங்க் இன்ஜஸ்டிஸ்' அப்பட்டமான அநீதி. 'ரேங்க் அவுட்சைடர்' ஜெயிப்பார் என்று யாருமே எதிர்பார்க்காத போட்டியாளர். பின்னால் ஒரு பெயர்ச்சொல் ஒட்டி நின்றால், பதவி என்று எடுக்குமுன் இந்தப் பொருள்களைப் பொருத்திப் பாருங்கள்.

மூன்றாம் இடத்தில் இருப்பதை எழுதும்போது 'ரேங்க்ஸ் தேர்ட்' போதும். நடுவில் 'இன்' வேண்டாம்.